கீழக்கரை மொட்டை மாடியில் ஊமைக் கௌபாய் படங்கள்

ராமநாதபுரம் பக்கம் படம் பார்க்க நல்ல இடம் எது என்று யார் கேட்டாலும் இப்போதெல்லாம் கீழக்கரைக்குப் போகச் சொல்கிறேன். தியேட்டர் கிடையாது. கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, பழைய வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள், அதன் மொட்டை மாடியில் சனிக்கிழமைதோறும் இரவு இஷா தொழுகை முடிந்து தெரு கொஞ்சம் அடங்கியதும் ஊமைப் படம் ஓடும், அதுவும் அமெரிக்காவில் 1903-க்கும் 1928-க்கும் நடுவில் எடுத்த கௌபாய் படங்கள் மட்டும். தலைக்கு 150 ரூபாய். இஞ்சி டீயும் சுடச்சுட இறால் வாடாவும் அதிலேயே அடக்கம், பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் காசு வாங்குவதில்லை. விடுதியில் தங்குகிறவர்களுக்காக ஆரம்பித்தது, இப்போது உள்ளூர்க்காரர்கள்தான் அதிகம் வருகிறார்கள்.

கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். வாடா பிரமாதம், சேர் சுமார் என்று நாலு வரியில் முடிக்கிற விஷயம் இல்லை இது. இந்தப் படங்களில் மிஞ்சியிருப்பதே கொஞ்சம், மிஞ்சியதை நாலு பேரோடு சேர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் ஒருவர் தாளம் தட்ட, சரியான வேகத்தில் பார்க்கக் கிடைப்பது அதைவிடக் கொஞ்சம். போனில் தனியாகப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு "ரொம்ப மெதுவா போகுது" என்று மூடி வைத்தவர்கள் இங்கே வந்து ஒரு தடவை பார்க்க வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நடத்துபவர் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே காக்கா (இந்தப் பக்கம் அண்ணன் என்று அர்த்தம்) என்று கூப்பிடுவதால் எல்லோருக்கும் காக்காதான். கப்பல் நின்ற ஊர்களில் எல்லாம் பழைய படங்களின் தட்டுகளை (டிஸ்க்குகளை) தேடித் தேடி வாங்கியிருக்கிறார், அலமாரி நிறைய இருக்கிறது. படத்துக்கு முன்னால் ஐந்து நிமிஷம் பேசுவார், யார் எடுத்தது, எந்த ஊரில் எடுத்தது, பிரதி எங்கே கிடைத்தது, அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிஷத்தைத் தவற விடாதீர்கள். நான் கீழே எழுதப் போவதில் பாதி அங்கே கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சரிபார்த்தது.

கௌபாய் நமக்கு அந்நியம் இல்லை. சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு டெக்ஸ் வில்லரை அறிமுகப்படுத்தவே வேண்டாம். கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் தொப்பி போட்டுக் குதிரை ஏறியதை டூரிங் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தவர்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள், மாடியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அப்படிப்பட்டவர். அந்தப் படங்களுக்கும் அந்தச் சித்திரக் கதைகளுக்கும் ஆதி எங்கே என்று தேடிப் போனால் 1903-ல் எடிசன் கம்பெனிக்காக எட்வின் போர்ட்டர் எடுத்த 'தி கிரேட் ட்ரெய்ன் ராபரி' என்ற பன்னிரண்டு நிமிஷப் படத்தில் போய் நிற்போம். ரயிலை மறித்துக் கொள்ளை, குதிரையில் தப்பி ஓட்டம், துரத்தல், காட்டுக்குள் துப்பாக்கிச் சண்டை, எல்லாம் அதிலேயே இருக்கிறது. மேற்குச் சீமை என்று காட்டியதில் பெரும்பகுதி கிழக்கே நியூ ஜெர்சியில் எடுத்தது என்பது வேறு விஷயம்.

முதல் தடவை வருகிறவர்கள் யாராவது இருந்தால் காக்கா இதைத்தான் முதலில் போடுவார். படத்தில் ஒரு காட்சி கதையோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். கொள்ளைக் கூட்டத் தலைவன் நேராக நம்மைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டிச் சுடுகிறான். இந்தத் துண்டைப் படத்தின் தொடக்கத்தில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம், கடைசியில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம் என்று எடிசன் கம்பெனியே தன் விலைப்பட்டியலில் சொல்லியிருந்தது. இங்கே கடைசியில் போடுகிறார்கள். நான் பார்த்த அன்று முன்வரிசையில் இருந்த ஒரு வாண்டு அக்காவின் தாவணிக்குள் தலையை விட்டுக்கொண்டது, நூற்று இருபது வருஷம் கழித்தும் அந்தத் துப்பாக்கிக்குப் பயம் போகவில்லை என்பதை என் கண்ணால் பார்த்தேன்.

அதில் மூன்று நாலு சின்ன வேஷம் போட்ட ஓர் ஆள் இருக்கிறார், ரயிலிலிருந்து இறக்கி நிற்க வைத்த பயணிகளில் ஒருவராக வந்து, ஓடப் பார்த்து, முதுகில் குண்டு வாங்கி விழுவார். கில்பர்ட் ஆண்டர்சன். இவர்தான் பிறகு ப்ராங்க்கோ பில்லி என்ற பெயரில் நூற்றுக்கணக்கான சின்னப் படங்களில் நடித்து உலகத்தின் முதல் கௌபாய் நட்சத்திரம் ஆனார். விழுந்த ஆளைக் காட்டி காக்கா இதைச் சொன்னதும் கூட்டத்தில் இரண்டு பேர் மறுபடி போடச் சொன்னார்கள், மறுபடி போட்டார்.

இசைக்கு வருகிறேன், ஏனென்றால் 150 ரூபாயில் நூறு ரூபாய் அதற்கே போகும். தட்டுகளில் புதிதாகச் சேர்த்த இசை இருக்கும், அதை அணைத்துவிடுகிறார்கள். நம் நாட்டுச் சட்டப்படி படம் வெளியாகி 60 வருஷம் கழிந்தால் உரிமை முடிந்துவிடும், அதனால் இந்தப் படங்களைப் போடுவதில் சிக்கல் இல்லை, புதிதாகச் சேர்த்த இசைக்குத் தனி உரிமை உண்டு என்பதால் சொந்தமாகவே வாசித்துக்கொள்கிறார்கள். பாம்பனிலிருந்து ஓர் அக்கா வருகிறார், கோயிலில் பூசைக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். ஏர்வாடிப் பக்கத்துப் பையன் ஒருவன் தப்ஸ் என்ற தோல் வாத்தியம் தட்டுகிறான். குதிரை நடக்கும்போது விரல் நுனியால் ஓரத்தில் லேசாகத் தட்டிக்கொண்டே இருப்பான், அது ஓடத் தொடங்கும்போது உள்ளங்கை நடுவுக்கு வரும், நாலு கால் பாய்ச்சல் பிடித்ததும் இரண்டு கையும் இறங்கும். பார்த்துக்கொண்டிருக்கிற நமக்குக் கால் தானாக ஆடும். அக்கா பெரும்பாலும் பின்னால் நின்றுகொள்வார், யாராவது சாகும்போதும் யாராவது யாரையாவது முதல்முதலாகப் பார்க்கும்போதும் மட்டும் முன்னே வருவார். இரண்டு பேரும் ஒத்திகை பார்ப்பது படத்தை ஒரு முறை ஓட்டிப் பார்த்துத்தானாம். நம்புவது கஷ்டம்.

படத்துக்கு நடுநடுவே வரும் எழுத்து அட்டைகளைத் தமிழில் சொல்ல ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார் சுவருக்குப் பக்கத்தில் நிற்பார். இது புது யோசனை இல்லை. 1905-ல் திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராக டெண்ட் அடித்துப் படம் காட்டக் கிளம்பிய காலத்திலிருந்து, திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்லும் வழக்கம் நம் ஊரில் இருந்திருக்கிறது. வாத்தியாருக்குக் குரல் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும், முகத்திலேயே தெரிகிற விஷயத்தையும் சொல்லிவிடுகிறார். "இப்போது அவனுக்கு மனம் மாறுகிறது பாருங்கள்" என்று அவர் சொல்வதற்கு முன்னாலேயே நாங்கள் பார்த்துவிட்டோம் சார். அட்டையில் உள்ளதை மட்டும் சொன்னால் போதும்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. ஊமைப் படம் என்றாலே எல்லோரும் குடுகுடுவென்று ஓடுவார்கள் என்ற நினைப்பு நமக்கு எப்படி வந்தது? அந்தக் காலத்தில் காமிராவைக் கையால் சுற்றினார்கள், நொடிக்கு 16, 18, 20 படம் என்று ஆளுக்கு ஆள் மாறும். பேசும் படம் வந்தபின் நொடிக்கு 24 என்று நிலையானது. பழையதை அந்த 24-ல் ஓட்டினால் மனிதர்கள் பொம்மை ஆகிவிடுவார்கள். காக்கா ஒரு அடி நீள 35 எம்எம் ஃபிலிம் துண்டு வைத்திருக்கிறார் (பழைய, தீப்பிடிக்கும் நைட்ரேட் வகை இல்லை, பிற்காலத்துத் துண்டு), கையில் கொடுத்து எண்ணச் சொல்வார். ஒரு அடியில் 16 கட்டம். பழைய வேகத்தில் அது ஒரு நொடி. விளக்கைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தால் ஒரு குதிரையின் முன்கால் கட்டத்துக்குக் கட்டம் நூல் அளவு உயர்ந்துகொண்டே போவது தெரியும். சரியான வேகத்தில் போட்டதும் அந்த ஆட்கள் நம்மைப் போலத்தான் நடக்கிறார்கள், நம்மைப் போலத்தான் தயங்குகிறார்கள்.

தயக்கம் என்றதும் வில்லியம் ஹார்ட் ஞாபகம் வருகிறார். எனக்கு இந்த மாடியில் கிடைத்த பெரிய லாபம் இவர்தான். 1864-ல் பிறந்தவர், ஷேக்ஸ்பியர் நாடகம் எல்லாம் நடித்துவிட்டு ஐம்பதை நெருங்கும் வயதில் சினிமாவுக்கு வந்தார். நீள முகம், சிரிக்கவே மாட்டார். 'ஹெல்ஸ் ஹிஞ்சஸ்' என்று 1916-ல் ஒரு படம், அப்போது நம் பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு இரண்டே வயது. ஊரில் ஒரு பாதிரியாரும் தங்கையும் வந்து இறங்குகிறார்கள், அவர்களை விரட்ட வந்த ரவுடிதான் ஹார்ட். அந்தப் பெண்ணைப் பார்க்கிறார். இடுப்பில் வைத்த கை அப்படியே நிற்கிறது, கண் மட்டும் மெல்ல இறங்கித் தரையைப் பார்க்கிறது, திரும்ப ஏறுகிறது. வேறு எதுவும் செய்யவில்லை. ஒரு வசனம் இருந்திருந்தால் கெட்டுப்போயிருக்கும். கடைசியில் அந்த ஊரையே கொளுத்துகிறார், படச்சுருளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள், சுவர் முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆகி எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் முகத்திலும் அந்தச் சிவப்பு விழுந்தது. ஊமைப் படம் கறுப்பு வெள்ளை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன், இரவுக்கு நீலம், விளக்கு வெளிச்சத்துக்கு மஞ்சள், தீக்குச் சிவப்பு என்று அந்தக் காலத்தில் நிறைய படத்துக்குச் சாயம் உண்டு.

இன்னொரு விஷயம் இந்தப் படங்களில் உண்டு, பிற்காலத்துக் கௌபாய் படம் எதிலும் அது வராது. காட்டுகிற காலத்துக்கும் எடுத்த காலத்துக்கும் நடுவில் அதிக தூரம் இல்லை. அல் ஜென்னிங்ஸ் என்பவர் உண்மையிலேயே ரயில் கொள்ளைக்காரர், ஜெயிலில் இருந்துவிட்டு வந்து 1918-ல் 'தி லேடி ஆஃப் தி டக்அவுட்' படத்தில் தன் வேஷத்தைத் தானே நடித்தார். பேர் பெற்ற துப்பாக்கி வீரர் வயாட் எர்ப் 1929 வரை உயிரோடு இருந்தார், கடைசிக் காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் சினிமாக்காரர்களோடு பழகினார், அவர் இறந்தபோது சவப்பெட்டி தூக்கியவர்களில் ஹார்ட்டும் இன்னொரு கௌபாய் நட்சத்திரமான டாம் மிக்ஸும் உண்டு. மாட்டு மந்தையில் வேலை பார்த்த ஆட்களே சம்பளத்துக்கு வந்து குதிரை ஏறினார்கள். குதிரையிலிருந்து ஒருவன் இறங்குகிற விதத்திலேயே அது தெரிகிறது, யோசிக்காமல் இறங்குகிறான்.

சரி, இவ்வளவு நல்ல படங்கள் ஏன் எங்கும் கிடைப்பதில்லை?

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-ல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. 1912 முதல் 1929 வரை அங்கே ஏறக்குறைய 11,000 முழுநீள ஊமைப் படங்கள் வெளிவந்தன, அவற்றில் வெளியான வடிவிலேயே முழுசாக 35 எம்எம்-மில் மிஞ்சியது 14 சதவீதம். வெளிநாட்டுப் பிரதியாகவோ சின்ன அளவு ஃபிலிமிலோ கிடைப்பது இன்னொரு 11 சதவீதம். பத்துக்கு ஏழு அடியோடு போயிற்று. காரணம் ஒன்றா இரண்டா. நைட்ரேட் ஃபிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும், வெப்பத்தில் தானாகவே சிதைந்து பிசினாகிப் பொடியாகும், பேசும் படம் வந்ததும் விலை போகாத சரக்கு என்று ஃபிலிமில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்க உருக்கிவிட்டார்கள். 1937 ஜூலையில் நியூ ஜெர்சியில் லிட்டில் ஃபெர்ரி என்ற ஊரில் ஃபாக்ஸ் கம்பெனியின் கிடங்கு வெயில் கொடுமையில் பற்றி எரிந்தது, அந்தக் கம்பெனியின் ஊமைப் படங்களில் பெரும்பாலானவை அன்றோடு முடிந்தன. டாம் மிக்ஸ் நடித்த 290-சொச்சம் படங்களில் பெரும்பகுதி இன்று இல்லாமல் போனதற்கு அந்தத் தீ முக்கியக் காரணம். அவரும் டோனி என்ற அவர் குதிரையும் அன்றைக்கு உலகம் முழுக்கப் பிரபலம், இன்று அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை, காட்டப் படம் இருந்தால்தானே தெரியும்.

மிஞ்சியதும் எங்கெங்கேயோ மிஞ்சியிருக்கிறது. இயக்குநர் ஜான் ஃபோர்டும் நடிகர் ஹாரி கேரியும் சேர்ந்து இருபதுக்கு மேல் படம் எடுத்தார்கள், அதில் 1917-ல் வந்த 'ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்' போயே போய்விட்டது என்று நினைத்திருந்தபோது செக் நாட்டுக் காப்பகத்தில் கிடைத்தது, அதே வருஷத்து 'பக்கிங் பிராட்வே' பிரான்சில் கிடைத்தது. கனடாவின் வடமேற்கில் டாசன் சிட்டியில் 1978-ல் மண் தோண்டியபோது உறைந்த நிலத்துக்குள்ளிருந்து 500-க்கு மேல் சுருள்கள் வந்தன. படம் ஊர் ஊராகப் போய் அங்கே போய்ச் சேர்ந்தபின் திருப்பி அனுப்பச் செலவாகும் என்று புதைத்தவை, குளிர் காப்பாற்றிவிட்டது. நம் ஊர் உப்புக் காற்றில் அப்படி ஒன்று நடக்க வாய்ப்பே இல்லை. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்', தென்னிந்தியாவின் முதல் முழுநீளப் படம், ஓர் அடி கூட இன்று இல்லை. 1920-களில் நம் கொட்டகைகளில் ஓடியதில் பெரும்பகுதி அமெரிக்கப் படங்கள்தான், எட்டி போலோ நடித்த சாகசத் தொடர்களுக்கு இங்கே பெரிய கூட்டம் இருந்தது, அந்தப் பிரதிகளும் இல்லை. நம் தாத்தா பாட்டிகள் விசிலடித்துப் பார்த்த படங்களை நாம் பார்க்கவே முடியாது என்பது எனக்கு உண்மையிலேயே மனக்கஷ்டம். அதனால்தான் 'ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்' போட்ட அன்று ஹாரி கேரி இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சி வந்ததும், அதை முடிந்த மட்டும் கண்ணில் வாங்கிக்கொண்டேன். 1956-ல் 'தி சர்ச்சர்ஸ்' கடைசிக் காட்சியில் ஜான் வெய்ன் வாசலில் அதே மாதிரி கையைப் பிடித்து நிற்பது இவருக்குச் செய்த மரியாதை. ஒரு காப்பக அலமாரியில் அந்தச் சுருள் தப்பியிராவிட்டால் அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று காட்ட ஆள் இருந்திருக்காது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த படம். 'தி விண்ட்', 1928. விக்டர் ஷோஸ்ட்ரம் இயக்கம், லிலியன் கிஷ் நடிப்பு. இதை மட்டும் கச்சான் காற்று வீசும் மாதத்துக்கு என்று எடுத்து வைத்திருக்கிறார் காக்கா. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும் என்பார்கள், கீழக்கரை மாடியில் ஆடி மாதம் உட்கார்ந்து பார்த்தால் புரியும். துணித் திரை கட்டாமல் மாடி அறைச் சுவருக்கு வெள்ளை அடித்து அதிலேயே படம் விழச் செய்திருப்பது இந்தக் காற்றுக்காகத்தான்.

கதை முழுசும் சொல்லப் போவதில்லை. பச்சைப்பசேல் என்ற ஊரில் வளர்ந்த ஒரு பெண் டெக்சாஸில் உறவுக்காரர் வீட்டுக்கு வருகிறாள், அங்கே காற்று நிற்பதே இல்லை. ரயில் ஜன்னலிலேயே மணல் அடிக்கத் தொடங்கிவிடும். கதவைத் திறந்தால் மணல், மூடினால் இடுக்கில் மணல். கலிபோர்னியாவில் மொஹாவி பாலைவனத்தில், விமானப் புரொப்பெல்லர்களை ஓடவிட்டு மணலையும் புகையையும் கிஷ் முகத்தில் அடிக்கவிட்டு எடுத்தார்கள். அந்த வெயிலில் கதவுக் கைப்பிடியைத் தொட்டு உள்ளங்கைத் தோல் வெந்துபோனதாக கிஷ் பிறகு சொல்லியிருக்கிறார். வடக்கிலிருந்து வரும் காற்றை ஒரு வெள்ளைக் குதிரையாகக் காட்டுவார்கள், மேகத்துக்குள் அது துள்ளிக்கொண்டே இருக்கும், ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை ஏற்றி எடுத்தது, அவ்வளவுதான் தந்திரம். அந்தக் குதிரை முதல் தடவை வந்தபோது தப்ஸ்காரப் பையன் தட்டுவதை நிறுத்திவிட்டான். மாடியில் அடித்த நிஜக் காற்று மட்டும் கேட்டது, கைப்பிடிச் சுவரில் கட்டியிருந்த தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் வேண்டுமென்றே செய்தானா என்று கேட்டேன், "கைய வைக்கத் தோணலண்ணே" என்றான்.

பிற்பாதியில் ஓர் உடலை அவளே மணலில் புதைக்கிறாள். காற்று கொஞ்சம் கொஞ்சமாக மணலை அள்ளிக்கொண்டு போகிறது. அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறாள், முதலில் மணல் மேடு இறங்குகிறது, அப்புறம் வேறு ஏதோ தெரிகிறது. அந்தக் கண்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை, போய்ப் பாருங்கள். பாம்பன் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு வயசான மீனவர், படம் முழுக்க வாய் திறக்காதவர், அந்த இடத்தில் மட்டும் "மணல் மூடும், அதுவே தெறக்கும்" என்றார். 1964 டிசம்பர் புயலுக்கு முன்னால் தனுஷ்கோடியில் இருந்த குடும்பமாம் அவருடையது. வாத்தியாரும் அதற்குமேல் எந்த அட்டைக்கும் விளக்கம் சொல்லவில்லை, வரிகளை மட்டும் சொன்னார்.

இந்தக் கரையில் இந்தப் படங்கள் இவ்வளவு ஒட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்கத் தென்மேற்கில் மெஸ்கிட் என்று சொல்லும் முள்மரமும், நம் கண்மாய் எல்லாம் அடைத்துக்கொண்டு நிற்கும் சீமைக் கருவையும் பங்காளிகள், இரண்டும் அந்தக் கண்டத்துச் சரக்கு. கரிமூட்டம் போடும் ஒருவர் முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார், குதிரை புதருக்குள் நுழைந்ததுமே "இது நம்ம கருவைக் காடுல்ல?" என்று சத்தமாகக் கேட்டார். மேல்நாட்டுப் படம் என்ற கூச்சம் கூட்டத்தில் யாருக்கும் அதோடு இல்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் சேர், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு கேட்காது, ஜமுக்காளம் விரித்த பக்கம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று இல்லாத மாதங்களில் கொசு. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் புரொஜெக்டரைத் தாங்கும், விசிறியைத் தாங்காது. ஒரு சனிக்கிழமை நல்ல தட்டு வேலை செய்யவில்லை என்று இணையத்தில் இறக்கிய மங்கலான பிரதியைப் போட்டார்கள், முகமே தெரியாமல், வேகமும் தப்பாக. ஊமைப் படத்தில் முகம் போனால் என்ன மிச்சம்? அன்று வேறு படம் போட்டிருக்க வேண்டும், அல்லது டீயைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். காக்காவிடமே சொன்னேன், தலையாட்டினார்.

இதைவிடப் பெரிய விஷயம், இந்தப் படங்களில் பலவற்றில் செவ்விந்தியர்களை வெள்ளைக்காரர்கள் சாயம் பூசிக்கொண்டு நடித்திருப்பார்கள், காட்டுமிராண்டி என்பதற்கு மேல் அவர்களுக்கு வேலை இருக்காது. 'ஹெல்ஸ் ஹிஞ்சஸ்' படத்திலேயே வில்லனை அறிமுகப்படுத்தும் அட்டை மெக்சிகோக்காரர்களை இழித்துத்தான் பேசும். வாத்தியார் அதை மறைக்காமல் தமிழில் சொல்லிவிட்டு, "இப்படி எழுதியது தப்பு பிள்ளைகளா" என்று ஒரு வரி சேர்த்தார். அவர் கூடுதலாகப் பேசியதில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். ஆனால் நிகழ்ச்சி வரிசையிலும் இதற்கு மாற்று வேண்டும். 1920-ல் ஓக்லஹோமாவின் விச்சிட்டா மலைப் பகுதியில் கயோவா, கமான்ச்சி மக்கள் முந்நூறு பேர் தங்கள் சொந்த உடுப்பிலும் கூடாரத்திலும் நடித்த 'தி டாட்டர் ஆஃப் டான்' என்ற படம் இருக்கிறது, முழுக்க அவர்களே நடித்தது. பல காலம் காணாமல் போய், இந்த நூற்றாண்டில்தான் பிரதி வெளியே வந்து 2012-ல் சீர்செய்யப்பட்டது. அதைப் போடச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் போனால் கேளுங்கள், நாலு பேர் கேட்டால் தட்டை வரவழைப்பதாகச் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு. ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை பஸ்ஸில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், ஆனால் படம் முடியப் பத்தரை, பதினொன்று ஆகும், திரும்பிப் போகும் கடைசி பஸ்ஸை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். பெண்கள் தனியாக வரலாம், ராத்தா (அக்கா) ஒருவர் கீழ் வாசலிலேயே இருப்பார், மாடியில் ஒரு பக்கம் பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் என்று விட்டிருக்கிறார்கள். வாடா முதல் ரவுண்டிலேயே தீர்ந்துவிடும், படம் தொடங்குமுன் வாங்கிக்கொள்ளுங்கள், இடைவேளை என்று எதுவும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கீழே கூடத்தில் போடுகிறார்கள், இடம் பாதிதான், போன் செய்துவிட்டுப் போவது நல்லது. ரமலான் மாதம் முழுக்கக் காட்சி இல்லை. வர முடியாதவர்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் 'தி கிரேட் ட்ரெய்ன் ராபரி'யைக் காசில்லாமல் பார்க்கலாம், போனில் பார்க்காதீர்கள், டிவியில் போட்டு வீட்டில் உள்ளவர்களையும் உட்கார வையுங்கள்.

அடுத்த மாதம் ஹார்ட்டின் கடைசிப் படமான 'டம்பிள்வீட்ஸ்' வருகிறது. 1925-ல் வந்தது, 1893-ல் அரசாங்கம் திறந்துவிட்ட நிலத்தைப் பிடிக்க ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் குதிரையிலும் வண்டியிலும் பாய்ந்து ஓடிய கதை. 1939-ல் அதை மறுபடி வெளியிட்டபோது 74 வயது ஹார்ட் தன் பண்ணையில் நின்று பேசி ஒரு முன்னுரை சேர்த்தார், ஊமைப் படக்காரர் குரல் கொடுத்து விடைபெற்றது அங்கேதான், பேசும்போது குரல் உடைந்துவிடும். அந்த முன்னுரையோடு சேர்த்தே போடுவதாகக் காக்கா சொல்லியிருக்கிறார், அதற்காக ஸ்பீக்கர் வாடகைக்கு எடுக்கிறாராம். அந்த ஓட்டத்துக்குத் தப்ஸ் ஒன்று போதாது என்று பையன் தன் சித்தப்பாவையும் கூட்டி வருகிறான். ஜமுக்காளத்துப் பக்கம் எனக்கு இடம் சொல்லிவிட்டேன்.